கூரை மேல் வந்த மெத்தை

கார் மலையேறிக்கொண்டிருந்தது. காரின் தலைமேல் ஒரு மெத்தையும் ஏறிக்கொண்டிருந்தது. சுருட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, மஞ்சள் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒற்றைக் கட்டில் மெத்தை. ஒரு வளைவில் இடப்பக்கம் சாயும், அடுத்த வளைவில் வலப்பக்கம் சாயும். பஸ்ஸில் தூங்கி வழிகிற பயணியைப் போல அது பாட்டுக்கு வந்தது.

"சும்மா பார்த்துட்டுப் போக வர்றோம்னு சொல்லியிருக்கேங்க," என்றாள் அவள். "சும்மா வர்றவங்க மெத்தையோடயா வருவாங்க?"

"ரூம் இருக்கு, கட்டில் இருக்கு, மெத்தைதான் இல்லைன்னு ஒருத்தர் சொல்லிடக் கூடாது பாரு. அந்த வாயை முன்கூட்டியே அடைச்சுட்டேன்," என்றார் அவள் கணவர். மெத்தைக்கடை வைத்திருப்பவர். எதிரில் வருகிற ஆளை அவன் மெத்தையை எப்படி அமுக்கிப் பார்ப்பான் என்பதை வைத்தே எடை போடுவார்.

பின்சீட்டில் மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். மலைமேல் இருக்கிற கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அம்மா படித்த அதே கல்லூரி. விடுதியில்தான் இடம் இல்லை. வெளியே அறை எடுக்கலாம் என்றால், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கென்றே ஊர் முழுக்க வாடகையை வானத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "தெரிஞ்ச வீட்டுல இடம் கிடைச்சா படிக்கட்டும். இல்லைன்னா வண்டியைத் திருப்பிடுவேன். கல்லாவுல உட்காரட்டும். நம்ம கடையில என்ன குறைச்சல்?"

தெரிந்த வீடு ஒன்றல்ல, மூன்று இருந்தன. அவளோடு படித்த மூன்று பேரும் படித்து முடித்த இடத்திலேயே வாத்தியார்களாக வேர் விட்டவர்கள். தத்துவம், கண்ணாடி, ஒட்டகம். எல்லாம் அந்தக் காலத்துப் பட்டப்பெயர்கள். அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் பூனை. வகுப்பில் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது என்பதால் வைத்தது. இருபது வருஷமாகக் கடையில் நின்று ஊரையே பேசி மடக்குகிறவளை அவர்கள் இன்னும் பூனை என்றுதான் கூப்பிட்டார்கள்.

நாலு பேருக்குமாக போனில் ஒரு குரூப் இருந்தது. விடிந்தால் போதும், பூப்படம், காலை வணக்கம், நட்பைப் பற்றி நாலு வரி. மகளின் மதிப்பெண்ணைப் போட்டபோது அந்த குரூப் பொங்கி வழிந்தது. "நம்ம பொண்ணு!" என்றது தத்துவம். "நம்ம வீடு இருக்கும்போது ஹாஸ்டல் எதுக்குடி?" என்றது கண்ணாடி. "கண்ணை மூடிக்கிட்டு அனுப்பு" என்று ஒட்டகம் எழுதி, கூடவே ஒரு கை நிறைய இதயங்களையும் அள்ளிப் போட்டிருந்தது. அதை அவள் கணவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். "ஃப்ரெண்ட்ஸ்னா இப்படி இருக்கணும்" என்று சேர்த்துச் சொல்லியும் வைத்தாள். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் வழியெல்லாம் அவள் நினைத்துக்கொண்டே வந்தாள். இவர்களில் ஒருவர் கதவைத் திறக்காவிட்டால் மகள் படிப்பும் போச்சு, இத்தனை வருஷம் வீட்டில் அடித்த பெருமையும் போச்சு.

முதலில் தத்துவம் வீடு.

தத்துவம் வாசலுக்கே ஓடி வந்தான். இரண்டு கையையும் விரித்தான். விரித்த கை அப்படியே நின்றது. கண் காரின் கூரைக்குப் போய், மெத்தையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து, திரும்பி வந்தது. பிறகு மெத்தை என்று ஒன்று உலகத்திலேயே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். தத்துவம் படித்தவனுக்கு அது பெரிய வேலை இல்லை.

"பூனை! என்னடி இப்படி ஆயிட்டே! வாங்க மச்சான், வாம்மா!"

டீ வந்தது. கொண்டுவந்தது தத்துவத்தின் மனைவி. கல்லூரி நூலகத்தில் வேலை. அதிகம் பேசாத மனுஷி. டீயைக் கொடுத்துவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன படிக்கப் போறே? ராத்திரி முழிச்சுப் படிப்பியா, காலையில எழுந்து படிப்பியா?" என்று கேட்டாள். காலையிலிருந்து மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றியது அப்போதுதான்.

தத்துவம் வீட்டைச் சுற்றிக் காட்டினான். ஒரு கதவைத் திறந்ததும் குரல் தானாகத் தாழ்ந்தது. நல்ல பெரிய அறை. இரண்டு ஜன்னல். உள்ளே ஒன்றுமே இல்லை. ஓர் ஆணி கூட இல்லை.

"யார் ரூம் இது?" என்றாள் அவள்.

"யாருதும் இல்லை. இது வெற்றிடம்," என்றான் தத்துவம். "ஒவ்வொரு வீட்லயும் ஒரு வெற்றிடம் இருக்கணும் பூனை. நாம எல்லாரும் எதையாவது கொண்டுவந்து ரொப்பிக்கிட்டே இருக்கோம். மனுஷனோட நோயே அதான். நான் வாரத்துக்கு ஒரு நாள் இந்தக் கதவைத் திறந்து, சும்மா பார்ப்பேன்."

"பார்த்து?"

"மூடிடுவேன்."

கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, தரையை அளக்கிற கண்ணால் அளந்தார். "ஆறேகாலுக்கு மூணு தாராளமா விழும்," என்றார்.

"அந்த வெற்றிடத்தைத் தினமும் பெருக்கித் துடைக்கிறது நான்தாண்ணா," என்றாள் தத்துவத்தின் மனைவி, டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டே. தத்துவம் அதைக் கேட்காத மாதிரி கதவைச் சாத்தினான்.

பூனை தொண்டையைச் செருமினாள். "இல்லடா, இவளுக்கு இங்க காலேஜ்ல..."

"கேட்டேன், கேட்டேன்! ரொம்ப சந்தோஷம்! மத்ததெல்லாம் தானா அமையும். நாம ஓடிப்போய்ப் பிடிக்கக் கூடாது. ஐயோ, மணியைப் பாரு! கண்ணாடி உங்களுக்குச் சாப்பாடு பண்ணிட்டு உட்கார்ந்திருக்கா. சீக்கிரம் கிளம்புங்க. சாயங்காலம் பனிமூட்டம் இறங்கிடும். அப்புறம் ரோடே தெரியாது, மலையை விட்டு இறங்க முடியாம மாட்டிக்குவீங்க."

வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு திட்டு மேகத்தைத் தேடினாலும் கிடைக்காது. ஆனாலும் அவர்கள் கிளம்பினார்கள்.

கார் தெருமுனை திரும்பியதும் மகள் சொன்னாள்: "அம்மா, நான் ஷூ மாட்டும்போது அந்த மாமா ஜன்னல் பக்கம் போய் போன்ல பேசினார். 'பார்சல் கிளம்பிடுச்சு. மேல மெத்தை கட்டியிருக்கு, ஜாக்கிரதை'ன்னார்."

கணவர் மீசைக்குள் சிரிப்பதை அவள் பார்க்காமலே பார்த்தாள்.

மூன்று பேரும் ஏற்பாட்டை அத்தனை கச்சிதமாகச் செய்து வைத்திருந்தார்கள். மலை ஊரில் வீடு வைத்திருப்பவனுக்கு, கீழே வெயில் ஏறினால் போதும், உலகத்தில் உள்ள எல்லாரும் நண்பர்கள். அதற்காக அவர்கள் கண்டுபிடித்த வழி அது. டீ ஒரு வீட்டில், சாப்பாடு ஒரு வீட்டில், சாயங்கால நடை மூன்றாமவனோடு. நடை முடிகிற இடம் சரியாகக் கார் நிறுத்துகிற இடமாக இருக்கும். அங்கே ஒரு போட்டோ, ஒரு கட்டிப்பிடிப்பு, பனிமூட்டம் பற்றி ஒரு எச்சரிக்கை. யாருக்கும் விருந்தோம்பலில் குறை வைத்ததாகப் பேர் வராது. யார் வீட்டிலும் ஒரு போர்வை கலையாது.

கண்ணாடி வேதியியல் துறைக்குத் தலைவி. கணவர் வேறு ஊரில் வேலை. மேலும் கீழுமாக இருக்கிற வீட்டில் அவள் ஒருத்திதான். சமையலறையில் உப்பு டப்பாவில் 'உப்பு' என்று ஒட்டியிருந்தது. சர்க்கரையில் 'சர்க்கரை'. குளியலறைக் கதவில் 'தள்ளவும்'. பார்சல் பற்றிய தகவல் வந்துவிட்டதால், மெத்தையைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. கார் நிற்கிற பக்கமே திரும்பவில்லை, அவ்வளவுதான்.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. இந்தத் தடவை பூனை சுற்றி வளைக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் கேட்டே விட்டாள். "கண்ணாடி, மேல ரூம் காலியாத்தானே இருக்கு? இவளை இங்க விட்டுட்டுப் போகட்டுமாடி?"

கண்ணாடி கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். "உனக்கில்லாத ரூமாடி? ஆனா ஈரம். சுவர் முழுக்க ஈரம். பூஞ்சை. நான் கெமிஸ்ட்ரிக்காரி, தெரிஞ்சே ஒரு பச்சப் புள்ளையோட நுரையீரலை நாசம் பண்ணுவேனா? என் பொண்ணா இருந்தா அங்க விடுவேனா, சொல்லு?"

"குரூப்ல நீதான்..."

"குரூப்ல ஆயிரம் எழுதுவோம். ஒட்டகம் வீடு பெருசு, அவனைக் கேளு." பிறகு மகள் பக்கம் திரும்பி, குரலில் சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்தாள். "ஏண்டா கண்ணு, இவ்வளவு தூரம் வந்து கஷ்டப்படணுமா? அப்பாவுக்குச் சொந்தக் கடை இருக்கு. படிச்சு என்ன பண்ணப் போறே? கடைசியில எல்லாரும் எங்கயாவது உட்காரத்தானே போறோம். நீ மெத்தை மேலயே உட்காரலாம்!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மகள் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். பூனை தன் தட்டை நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். கணவர் இப்போது கை கழுவுவார், சாவியை எடுப்பார், வண்டியைத் திருப்புவார்.

ஆனால் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அது வேறு மாதிரி இருந்தது. மகள் கல்லாவில் உட்காரட்டும் என்று அவர் சொல்லலாம். பத்துத் தடவை சொல்லலாம். அதை இன்னொருத்தி, அதுவும் உப்புக்கு உப்பு என்று எழுதி ஒட்டுகிறவள், சிரித்துக்கொண்டே சொல்வதா? கடைக்குள் வந்து, மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டு, 'இதெல்லாம் ஒரு சரக்கா' என்று உதட்டைப் பிதுக்குகிற ஆளிடம் அவர் இப்படித்தான் அமைதியாவார்.

அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு மனைவியைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்: "ஏம்மா, இது அந்தத் தத்துவம் சார் வீட்டுக்குச் சொன்னதுதானே?"

கடையில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாங்கலாமா வேண்டாமா என்று ஒருத்தர் மெத்தையைத் தடவிக்கொண்டே நின்றால், கணவர் அங்கிருந்து குரல் கொடுப்பார்: "ஏம்மா, இது அந்த டாக்டர் வீட்டுக்குச் சொன்னதுதானே?" கல்லாவில் இருந்து அவள் தலையைத் தூக்காமல் சொல்வாள்: "ஆமாங்க, சாயங்காலம் இறக்கணும்." அந்த டாக்டர் பிறக்கவே இல்லை. ஆனால் தடவிக்கொண்டிருந்த கை அந்த நொடியில் மெத்தையைப் பிடித்துக்கொள்ளும். இருபது வருஷம் சொன்ன பதில். அதற்கு மூளை வரைக்கும் போகத் தேவையில்லை.

"ஆமாங்க, சாயங்காலம் இறக்கணும்," என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

கண்ணாடி நிமிர்ந்தாள். "என்னது? தத்துவமா? அந்த வெற்றிடத்தையா குடுத்தான்?"

"சும்மா உங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு இவதான் சொன்னா," என்றார் கடைக்காரர். "நாளைக்கு நீங்க வருத்தப்படக் கூடாது பாருங்க."

கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். "அதெப்படிண்ணா? அவனுக்கு வளர்ற புள்ளைக்கு என்ன வேணும்னு தெரியுமா? நான் ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது? பூனை, நீ என்கிட்டல்லடி முதல்ல வந்திருக்கணும்!"

"ஈரம்னு சொன்னியேடி?"

"ஈரம்னா ஜன்னலைத் திறந்து வச்சாப் போச்சு! ஈரம் ஒரு பெரிய விஷயமா?"

சாயங்காலம் ஏரிக்கரை நடை. ஒட்டகம் அங்கே காத்திருந்தான். பொருளாதாரம் சொல்லித் தருகிறவன். கழுத்து இன்னும் நீண்டிருந்தது, தலைதான் வெளுத்துப்போயிருந்தது. வழக்கமாகக் கடைசி போட்டோவுக்கு மட்டும் எல்லாரும் வருவார்கள். அன்றைக்குக் கண்ணாடி நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். தத்துவமும் மனைவியோடு வந்தான், பார்சல் நல்லபடியாகக் கைமாறுவதை நேரில் பார்த்துவிட்டுப் போகலாம் என்கிற நிம்மதியான முகத்தோடு.

"ஏண்டா," என்று கண்ணாடி பாய்ந்தாள், "எங்களை ஒரு வார்த்தை கேட்காம நீயே பொண்ணை வச்சுக்கறேன்னு சொல்லிட்டியாமே!"

தத்துவம் வாயைத் திறந்தான். அதற்குள் ஒட்டகம் ஓடிவந்து அவன் முதுகில் ஓங்கித் தட்டினான். "மச்சி! கண்ணாடி போன்ல சொன்னா. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சுடா. எங்க யாருக்கும் வராத மனசுடா உனக்கு. இந்தக் காலத்துல யாருடா இப்படிச் செய்வான்?"

தத்துவத்துக்குப் பல பலவீனங்கள் உண்டு. யாராவது நாலு பேர் முன்னால் அவனைப் பெரிய மனுஷன் என்று சொல்லிவிட்டால் அதை மறுத்துப் பேச வராது என்பது அவற்றில் மூத்தது. "அது... ஒரு சிந்தனை அளவுல..." என்றான்.

"சிந்தனையே பெருசுடா!" என்றான் ஒட்டகம். ஆபத்து வேறு வீட்டுக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் அவனுக்கும் கொடை குணம் பொங்கியது. கடைக்காரர் பக்கம் திரும்பினான். "ஆனா ஒண்ணு மாப்பிள்ளை, நியாயமாப் பார்த்தா நம்ம வீட்லதான் விட்டிருக்கணும். முதல்ல சொன்னவன் நான். வேணும்னா குரூப்ல பாருங்க."

"நான்தான்டா முதல்ல!" என்றாள் கண்ணாடி. "பொம்பளப் புள்ளை, என்கூட இருக்கறதுதான் முறை."

"என் வீட்ல மாடி முழுக்க சும்மா கெடக்கு!"

"என் வீட்ல சும்மா கெடக்கலையா?"

ஏரிக்கரையில் நடந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெண்ணைத் தன் வீட்டில்தான் வைத்துக்கொள்வேன் என்று இரண்டு பேராசிரியர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் யாருக்கும் மனசு நிறையும். பூனைக்கும் நிறைந்தது. பொய்யில் ஆரம்பித்தது என்று தெரிந்தும் நிறைந்தது. பாருங்கள், கெஞ்ச வேண்டியிருந்தாலும் கடைசியில் என் ஆட்கள் என் ஆட்கள்தான் என்று கணவரைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள்.

கணவர் அங்கே இல்லை. கார் பக்கம் போயிருந்தார். மஞ்சள் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வாங்குகிறேன் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் மெத்தை வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். "எந்த வீட்ல இறக்கட்டும்?" என்று அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார். "இன்னைக்கே இறக்கிடலாம். சொல்லுங்க!"

சட்டென்று ஏரித் தண்ணீர் கரையில் மோதுகிற சத்தம் கேட்டது. அதுவரை அது கேட்கவில்லை.

ஒட்டகம் கழுத்தைத் தடவினான். "மாடி இருக்கு... ஆனா மாமியார் வர்றதா ஒரு பேச்சு. எப்போன்னு தெரியல. வந்தாங்கன்னா போக மாட்டாங்க."

"ஜன்னலைத் திறக்கலாம்," என்றாள் கண்ணாடி தரையைப் பார்த்து. "திறந்தா இன்னும் ஈரம் உள்ள வரும். அதான் இப்ப யோசிக்கிறேன்."

பூனை காத்திருந்தாள். ஒருத்தர் இன்னொரு தடவை சொல்லட்டும். 'இல்லடி, என் வீட்லதான்' என்று ஒரே ஒரு தடவை. கடையில் டாக்டர் பொய்யைக் கேட்டு வாங்கியவன்கூட வண்டி வந்ததும் மெத்தையை வேண்டாம் என்று சொன்னதில்லை. இங்கே மூன்று பேரும் மலையைப் பார்த்தார்கள். பனிமூட்டத்தைத் தேடுகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

"எனக்கு அந்தக் காலி ரூம் போதும்மா," என்றாள் மகள்.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் தத்துவத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவன் மனைவியைப் பார்த்துப் பேசினாள். "அத்தை, நான் ராத்திரி முழிச்சுப் படிக்கிறவ. லைட் எரியும். பரவாயில்லையா?"

"எரியட்டுமே," என்றாள் அவள். "நானும் முழிச்சிருக்கறவதான். பேச ஆளில்லாம அந்தக் காலி ரூம் வாசல்ல உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். இனிமே உள்ள உட்கார்ந்து படிக்கலாம்."

"ஆனா அந்த வெற்றிடம்..." என்று தத்துவம் ஆரம்பித்தான்.

"அது எங்கயும் போகாது," என்றாள் மனைவி. "உங்க பேச்சுல இருக்கும்."

மெத்தை அந்த அறையின் நடுவில் உருண்டு விரிந்தபோது ஒரு பெருமூச்சு விட்டது. நுரை மெத்தைகள் அப்படித்தான். ஆனால் அதைவிடப் பெரிய பெருமூச்சுகள் வாசல் பக்கம் கேட்டன. கண்ணாடியும் ஒட்டகமும் கூடவே வந்திருந்தார்கள், நல்லபடியாக இறங்குகிறதா என்று பார்க்க. தத்துவம் கதவருகே நின்று, தன் வெற்றிடத்தில் ஆறேகால் அடிக்கு மூன்றடி போய்விட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் மெத்தையை நாலு இடத்தில் அமுக்கினார். மகளை உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் அவள் தலையில் கை வைத்தவர், மறுபடி மெத்தையையே அமுக்கினார்.

பூனை தத்துவத்தின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி" என்றாள். இத்தனை வருஷத்தில் அந்த குரூப்பில் இந்த மனுஷியை யாரும் சேர்க்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பூனையும் சேர்க்கச் சொன்னதில்லை.

இறங்கும்போது கூரையில் ஒன்றும் இல்லாததால் கார் லேசாக ஓடியது. பின்சீட்டும் காலி. வெயில் இன்னும் மலை உச்சிகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. கணவர் ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. 'உன் ஃப்ரெண்ட்ஸ்' என்று ஆரம்பிப்பார், ஆரம்பிப்பார் என்று அவள் காத்திருந்தாள். ஆரம்பிக்காதது இன்னும் கஷ்டமாக இருந்தது.

போன் கூவியது. குரூப்பில் போட்டோ வந்திருந்தது. ஏரிக்கரையில் எல்லாரும் நிற்கிறார்கள். தத்துவத்தின் மனைவியை ஓரத்தில் பாதி வெட்டியிருந்தார்கள். கீழே ஒட்டகம் எழுதியிருந்தான்: "நம்ம பொண்ணு இனி நம்ம வீட்டில்! நட்பு வாழ்க!" கண்ணாடி இதயங்களைக் கொட்டியிருந்தாள். "இதுதான் நாம்" என்றிருந்தான் தத்துவம்.

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு பொறுமையாக, ஓர் எழுத்துகூடத் தப்பாமல் அடித்தாள்: "இனிமேல் பொண்ணைப் பார்க்க மாதாமாதம் வருவோம். ரெண்டு மூணு நாள் தங்குவோம். இந்த மாதம் கண்ணாடி வீடு, அடுத்த மாதம் ஒட்டகம் வீடு. மெத்தையை நாங்களே கொண்டு வந்துடறோம்."

அனுப்பினாள். மூன்று பேரும் படித்துவிட்டார்கள் என்று போன் காட்டியது. ஒருவர் எதையோ எழுதினார், நிறுத்தினார். இன்னொருவர் எழுதினார், நிறுத்தினார். அதற்கப்புறம் குரூப்பில் ஈ ஆடவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் கணவர், வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டே.

அவள் போனைக் கைப்பையில் போட்டு மூடினாள்.

"ஒண்ணும் தெரியலைங்க," என்றாள். "அங்க பனிமூட்டம்."